காருக்கு மட்கார்ட்: ஓட்டை போடாமல் வீட்டிலேயே மாட்டுவது எப்படி?

கேள்வி இதுதான். மூன்றாம் தலைமுறை பெரொடுவா மைவி காருக்கு ஆன்லைனில் நான்கு துண்டு மட்கார்ட் செட் (சக்கரத்துக்குப் பின்னால் சேற்றையும் கல்லையும் தடுக்கும் மடல்கள்) வாங்கியாயிற்று. பெட்டிக்குள் எப்படி மாட்டுவது என்று ஒரு தாள்கூட இல்லை. சின்னப் பையில் கொஞ்சம் ஸ்குருவும் பிளாஸ்டிக் கிளிப்பும் மட்டும். கோலாலம்பூர் செந்தூலில் அடுக்குமாடி, கீழே கார் பார்க். ஓட்டை போட்டால் துரு ஏறுமா, டபுள் டேப்பில் ஒட்டிவிட்டால் போதாதா, பட்டறை ஃபோர்மனிடம் போகாமல் நாமே செய்யலாமா?

செய்யலாம். நான்கு சக்கரத்துக்கும் சேர்த்து ஒரு காலைப்பொழுது போதும். மைவி, பெஸ்ஸா, சாகா, வியோஸ், சிட்டி போன்ற கார்களுக்கென்று அச்சு வார்த்த செட்டாக இருந்தால், கார் உடம்புத் தகட்டில் ஓட்டை போடும் தேவை அநேகமாக வராது. டேப் மட்டும் போதாது. துருவைப் பற்றிய பயம் நியாயம்தான், ஆனால் ஆள் மாறிச் சந்தேகப்படுகிறீர்கள். பெயிண்டைக் கெடுப்பது பெரும்பாலும் ஓட்டை அல்ல, மட்கார்டுக்கும் பெயிண்டுக்கும் நடுவே போய் உட்காரும் மணல். அதைக் கவனித்தால் பாதி வேலை முடிந்தது.

முதலில் வாங்கிய பொருளைப் பாருங்கள். ஒவ்வொரு துண்டின் பின்புறமும் முன், பின், இடது, வலது என்று குறிக்கும் எழுத்துகள் அச்சில் இருக்கும். இடது, வலது என்பது ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து முன்னால் பார்க்கும் கணக்கு. நம் ஊரில் ஓட்டுநர் பக்கம்தான் வலது. காரின் முன்னால் நின்று பார்த்துக் குழப்பிக்கொண்டு, "பொருந்தவே மாட்டேன் என்கிறது" என்று திருப்பி அனுப்புகிறவர்கள் உண்டு. எழுத்து இல்லாவிட்டால் துண்டை அதன் இடத்தில் வைத்தே கண்டுபிடித்துவிடலாம். குழிவான பக்கம் சக்கரத்தைப் பார்க்கும், வெளி விளிம்பு ஃபெண்டரின், அதாவது சக்கரத்துக்கு மேல் உள்ள தகட்டின், வளைவோடு போகும்.

அடுத்து, எந்த மாடலுக்கான அச்சு என்று பாருங்கள். மூன்றாம் தலைமுறை மைவி 2017 நவம்பரில் வந்தது, 2021 நவம்பரில் அதற்கு ஃபேஸ்லிஃப்ட் (தோற்ற மாற்றம்) வந்தது. விளம்பரத்தில் "மைவி" என்று மட்டும் போட்டிருந்தால் ஆண்டையும் வேரியண்டையும் கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள். அதைவிட முக்கியம், உங்கள் காரில் பக்கவாட்டு ஸ்கர்ட் (கதவுகளுக்குக் கீழே வரும் பிளாஸ்டிக் பட்டை) அல்லது பாடிகிட் இருக்கிறதா என்பது. ஸ்கர்ட் இருந்தால் முன் சக்கரத்துக்குப் பின்னால் உள்ள மூலையின் வடிவமே மாறிவிடும். ஸ்கர்ட் இல்லாத காருக்கு வார்த்த துண்டு அங்கே ஒரு விரல் இடைவெளி விட்டு நிற்கும். ஸ்குருவை இறுக்கி அந்த இடைவெளியை மூடப் பார்த்தால் ஸ்கர்ட்தான் வளையும். அப்படிப்பட்ட செட்டை மாற்றி வாங்குவதே நல்லது.

கூரியரில் மடங்கி வந்து கோணலாகியிருந்தால் பயப்பட வேண்டாம். 60, 70 டிகிரி சூட்டில் உள்ள தண்ணீரில் சில நிமிடம் போட்டு எடுத்து, காரில் இருக்கும் வடிவத்துக்குக் கையால் பிடித்து, ஆறும்வரை அப்படியே வைத்திருங்கள். ஹேர் டிரையரும் உதவும். ஹீட் கன் வைத்திருப்பவர்கள் தள்ளியே பிடிக்க வேண்டும், மெல்லிய விளிம்பு நொடியில் உருகிச் சுருங்கிவிடும்.

பொருளைப் பற்றி ஒரு வார்த்தை. கட்டியான, தட்டினால் டொக் டொக்கென்று சத்தம் வரும் பிளாஸ்டிக் பார்க்க அழகு, ஆனால் இடித்தால் உடையும். கையால் மடக்கினால் வளைந்து தானே நிமிரும் ரகம்தான் கோலாலம்பூர் கார் பார்க்குகளுக்குப் பொருத்தம். ரேலி கார் பாணியில் தட்டையாகத் தொங்கும் பாலியூரிதேன் தகடு இன்னும் தாங்கும். அதை நாமே அளவெடுத்து வெட்ட வேண்டும், மாட்டும் இடத்தில் ஓர் உலோகப் பட்டையும் தேவை. அதைப் பிறகு சொல்கிறேன்.

இனி, சின்னப் பையில் வந்த ஸ்குரு. இதில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். சக்கர வளைவுக்குள் கறுப்பாக இருக்கும் பிளாஸ்டிக் உறைக்கு லைனர் என்று பெயர். அதை ஃபெண்டரோடும் பம்பரோடும் சேர்த்துப் பிடிக்க ஏற்கெனவே சில ஸ்குருக்களும் கிளிப்புகளும் இருக்கும். மட்கார்ட் அதே ஓட்டைகளைத்தான் பயன்படுத்தப் போகிறது. ஆனால் நடுவில் 3, 4 மி.மீ. கனத்துக்கு ஒரு துண்டு புதிதாக நுழைகிறது. பழைய ஸ்குருவையே திரும்பப் போட்டால் அது அந்த அளவுக்குக் குறைவாகத்தான் உள்ளே பிடிக்கும். கையில் இறுகியதுபோல் தெரியும், நெடுஞ்சாலையில் சில நாள் ஓடினால் கழன்றுவிடும். 16 மி.மீ. ஸ்குரு இருந்த இடத்தில் 20 மி.மீ. போடுங்கள். அதற்கு மேல் நீளம் வேண்டாம். பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியாத இடத்தில் 30 மி.மீ. ஸ்குருவைச் செலுத்துவது விஷப் பரீட்சை.

கிளிப்புக்கும் இதே கணக்கு. கிளிப்பின் கால்கள் பின்பக்கத் தகட்டைத் தாண்டிய பிறகுதான் விரியும். கனம் கூடினால் கால்கள் ஓட்டைக்குள்ளேயே நின்றுவிடும், விரியாது. ஓட்டையின் விட்டத்தை அளந்து (7, 8 மி.மீ. அளவுகள்தான் அதிகம் பார்ப்பது), அதே விட்டத்தில் தண்டு நீளமான கிளிப்பாகப் பத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கார் துணைப்பொருள் கடையில் சில்லறைக்காசுதான். பழைய கிளிப்பில் சிலது கழற்றும்போது உடையும் என்று எண்ணிக்கொண்டே வேலையைத் தொடங்குங்கள்.

இவற்றோடு வாங்க வேண்டியவை: அகலமான நைலான் வாஷர் பன்னிரண்டு, லைனர் விளிம்பில் சொருகும் யு வடிவ கிளிப் நட் நான்கைந்து, துருப்பிடிக்காத எஃகு ஸ்குரு, பெயிண்டைக் காக்கும் ஒளிபுகும் ஃபிலிம் ஒரு துண்டு, மாஸ்கிங் டேப், ஐசோபுரோபைல் ஆல்கஹால். கருவி என்று பார்த்தால் பிலிப்ஸ் இரண்டாம் எண் ஸ்க்ரூட்ரைவர், அதிலேயே குட்டைக் கைப்பிடி உள்ளது ஒன்று, 10 மி.மீ. ஸ்பேனர், கிளிப் நெம்பும் பிளாஸ்டிக் கருவி. பின் சக்கரத்துக்கு எல் வடிவில் திரும்பிய ராட்செட் ஸ்க்ரூட்ரைவர் இருந்தால் சக்கரத்தைக் கழற்றாமலே முடித்துவிடலாம். அது இல்லாதவர்கள் அரை மணி நேரம் போராடிவிட்டுக் கடைசியில் ஜாக்கைத்தான் எடுப்பார்கள்.

முந்தைய நாளே காரைக் கழுவுங்கள், சக்கர வளைவின் உட்புறத்தையும் சேர்த்து. அங்கே குழாயை நன்றாகப் பீச்சிக் கிளிப்புகளைச் சுற்றியுள்ள மண்ணை வெளியேற்ற வேண்டும். மண் அடைத்த கிளிப்பின் நடு ஊசி நகராது. நெம்பினால் தலை மட்டும் கையோடு வரும். மாட்டுவதற்குக் காலை நேரமும் கூரையுள்ள சமதளமும் நல்லது. மதியத்துக்கு மேல் மழை பிடித்தால் ஈரத்தில் டேப்பும் ஃபிலிமும் ஒட்டாது.

கிளிப்பைக் கழற்றுவதில் மூன்று ரகம் தெரிந்தால் போதும். நடுவில் கூட்டல் குறி இருந்தால் ஸ்க்ரூட்ரைவரை வைத்துக் கால் சுற்று மட்டும் திருப்புங்கள், ஊசி மேலே எழும்பும், அழுத்தக் கூடாது. நடுவில் மழமழவென்று சின்ன வட்டம் இருந்தால் அதை உள்ளே 2 மி.மீ. அழுத்தினால் பூட்டு விடும். தலையைச் சுற்றிப் பள்ளம் வெட்டியிருந்தால் அந்தப் பள்ளத்தில் தட்டையான முனையை நுழைத்து நடுத்தண்டை வெளியே நெம்ப வேண்டும். அழுத்த வேண்டியதை நெம்புவதும் நெம்ப வேண்டியதை அழுத்துவதும்தான் கிளிப் உடைவதற்குப் பெரிய காரணம்.

முன் சக்கரத்தில் இருந்து தொடங்குங்கள், அதுதான் சுலபம். ஜாக் தேவையில்லை. வலது பக்கம் வேலை செய்வதானால் ஸ்டீயரிங்கை வலது கோடிவரை திருப்புங்கள், இடது பக்கத்துக்கு இடது கோடி. அப்படித் திருப்பினால் டயரின் பின்பாதி உள்ளே போய், மட்கார்ட் உட்காரும் மூலை கைக்குத் திறந்து கிடைக்கும். பிறகு என்ஜினை அணைத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, பின் சக்கரத்துக்கு ஒரு கட்டை வையுங்கள்.

எதையும் கழற்றுவதற்கு முன் மட்கார்டை அதன் இடத்தில் வைத்து மாஸ்கிங் டேப்பால் ஒட்டிப் பாருங்கள். துண்டில் உள்ள ஓட்டைகள் காரில் உள்ள ஸ்குருத் தலைகளோடு நேராக நிற்கின்றனவா? பெரும்பாலும் மூன்று பிடிகள் இருக்கும்: மேலே ஃபெண்டர் விளிம்பில் ஒன்று, நடுவில் லைனரில் ஒன்று, கீழே அடிப்பக்கத்தில் ஒன்று. ஓட்டை 2 மி.மீ. தள்ளி நின்றால் மட்கார்டின் ஓட்டையைத்தான் அகலப்படுத்த வேண்டும். ஒரு வட்ட அரம் எடுத்து நீள்வாக்கில் இழைத்தால் போதும். காரில் உள்ள ஓட்டையைத் தொடாதீர்கள்.

ஒட்டிய நிலையிலேயே மட்கார்ட் விளிம்பு பெயிண்டைத் தொடும் கோட்டைப் பென்சிலால் மாஸ்கிங் டேப்பின் மேல் குறித்துக்கொள்ளுங்கள். எடுத்துவிட்டு, அந்தக் கோட்டின் இரு பக்கமும் 10 மி.மீ. வரும்படி ஃபிலிமை வெட்டி ஒட்டுங்கள். ஒட்டும் முன் ஆல்கஹாலையும் தண்ணீரையும் சரிபாதி கலந்து துடைத்து உலர விட வேண்டும். இந்தப் பத்து நிமிட வேலையைச் செய்யாமல் விடுவதன் பலனை ஒரு வருடம் கழித்து மட்கார்டைக் கழற்றினால் பார்க்கலாம். விளிம்பு உட்கார்ந்திருந்த இடம் முழுக்க மணற்காகிதத்தால் தேய்த்ததுபோல் மங்கி, சில இடத்தில் பெயிண்டுக்கு அடியில் உள்ள பிரைமர் பூச்சு வரை போயிருக்கும். கார் ஓடும்போது மட்கார்ட் ஓயாமல் நடுங்குகிறது. இடையில் புகுந்த ஈர மணல் அந்த நடுக்கத்தில் அரைக்கிறது. பெயிண்ட் தேய்ந்த இடத்தில் ஈரம் தங்கினால் துரு தானாக வரும், ஓட்டையே தேவையில்லை. பினாங்குத் தீவில் தெலுக் பஹாங், பத்து ஃபெரிங்கி பக்கம் கடலோரச் சாலையில் தினமும் ஓடுபவர்களுக்கு உப்பும் சேர்வதால் இது இன்னும் சீக்கிரம் நடக்கும்.

ஃபிலிம் ஒட்டியாயிற்றா, இனி பழைய ஸ்குருக்களைக் கழற்றி, மட்கார்டை வைத்து, மூன்றையும் தளர்வாகப் போடுங்கள். இரண்டு மூன்று சுற்று மட்டும். நடு ஸ்குருவை முதலில் பாதி இறுக்கி, மேல் விளிம்பை ஃபெண்டர் வளைவோடு சேர்த்துப் பிடித்து மேல் ஸ்குருவை இறுக்குங்கள், கடைசியில் கீழே உள்ளது. கீழ் ஸ்குருவை முதலில் இறுக்கினால் துண்டு வெளிப்பக்கம் திரும்பி மேலே வாய் பிளக்கும். பிறகு எவ்வளவு இறுக்கினாலும் அது மூடாது. கை ஸ்க்ரூட்ரைவர் மட்டும், டிரில்லில் பிட் போட்டு இறுக்காதீர்கள். ஸ்குரு பிடிப்பது சதுர நைலான் கட்டையில். ஒரு தடவை மரை போய்விட்டால் அந்தக் கட்டையை மாற்றுவதைத் தவிர வழியில்லை. ஸ்குருத் தலைக்கு அடியில் நைலான் வாஷர் போட்டு, வாஷர் லேசாக அழுந்தும் இடத்தில் நிறுத்திவிடுங்கள்.

கீழ்ப் பிடியை "மேலே இரண்டு நன்றாகப் பிடித்திருக்கிறதே" என்று விட்டுவிடுவது வழக்கமான சோம்பல். குனிந்து படுக்க வேண்டியிருப்பதால் வரும் சோம்பல் அது. 110 கி.மீ. வேகத்தில் வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் போகும்போது காற்று முழுவதும் அடிப்பகுதியில்தான் அடிக்கும். கீழே பிடி இல்லாத மட்கார்ட் படபடவென்று அடித்துக்கொண்டு, மேல் ஓட்டைகளை நாளடைவில் கிழித்துவிடும். விசித்திரமான சத்தம் வருகிறது, எந்தப் பக்கம் என்றே தெரியவில்லை என்று பட்டறைக்குப் போகிறவர்களிடம் ஃபோர்மன் முதலில் இதைத்தான் பார்ப்பார்.

இறுக்கியதும் ஸ்டீயரிங்கை இரு கோடிக்கும் திருப்பிப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் பார்த்தால் போதாது. வலது மட்கார்டைப் பொறுத்தவரை, வலது பக்கம் திருப்பும்போது டயரின் பின்பாதி உள்விளிம்பை நெருங்கும், இடது பக்கம் திருப்பும்போது வெளிவிளிம்பை நெருங்கும். இரண்டு விரல் தாராளமாக நுழைய வேண்டும். நிறுத்தி வைத்த காரில் ஒரு விரல் இடைவெளி இருக்கிறதே என்று விடக் கூடாது. பள்ளத்தில் சக்கரம் ஏறி இறங்கும்போது அந்த ஒரு விரல் காணாமல் போகும். 185 அகல டயரை 195க்கு மாற்றியவர்கள், ரிம் வெளியே தள்ளிய ரகமாக இருந்தால் இதை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும். உரசினால் மட்கார்டின் விளிம்பைக் கூரான கத்தியால் 5 மி.மீ. செதுக்கி, வெட்டிய முனையை மணற்காகிதத்தால் வழவழப்பாக்குங்கள்.

பின் சக்கரம் கொஞ்சம் தொந்தரவு, அது திரும்பாது. எல் வடிவ ராட்செட் கைக்கு எட்டினால் அப்படியே வேலை செய்யலாம். எட்டாவிட்டால் சக்கரத்தைக் கழற்றுங்கள். சமதளம், ஹேண்ட் பிரேக், கியர் பி நிலை, எதிர்மூலை முன் சக்கரத்துக்கு இரு பக்கமும் கட்டை. தூக்கும் முன் நட்டுகளைக் கால் சுற்று தளர்த்துங்கள். மைவியிலும் டொயோட்டாவிலும் 21 மி.மீ. சாக்கெட், ஹோண்டாவில் 19. காரின் கையேட்டில் காட்டியிருக்கும் இடத்தில் மட்டும் ஜாக் வையுங்கள். உடலின் எந்தப் பாகமும் காருக்கு அடியில் போகக் கூடாது. போக வேண்டியிருந்தால் ஜாக் ஸ்டாண்டு கட்டாயம். கழற்றிய சக்கரத்தையும் காரின் அடியில் படுக்க வைத்துவிடுங்கள், ஜாக் சரிந்தாலும் கார் அதன்மேல் உட்காரும். மாட்டும்போது நட்டுகளைக் குறுக்கும் நெடுக்குமாகக் கையால் இறுக்கி, காரை இறக்கிய பிறகு, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் முடியுங்கள். இந்த ரகச் சிறு கார்களுக்கு 100 முதல் 110 நியூட்டன் மீட்டர் வரைதான் கேட்கும். உங்கள் கையேட்டில் உள்ள எண்தான் இறுதி. சாய்வான மாடிக் கார் பார்க்கில் ஜாக் போடவே போடாதீர்கள்.

பின் மட்கார்ட் பம்பரின் விளிம்பிலும் லைனரிலும் பிடிக்கும். இங்கே இரண்டு ஆபத்து. பெட்ரோல் ஊற்றும் வாய் எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்க லைனருக்குப் பின்னால்தான் பெட்ரோல் குழாய் இறங்குகிறது. ரிவர்ஸ் சென்சார் உள்ள கார்களில் பம்பருக்குள் வயர் ஓடுகிறது. ஏற்கெனவே உள்ள ஓட்டையில் 20 மி.மீ. ஸ்குரு போடும்வரை பயமில்லை. புதிய இடத்தில் ஓட்டை போட நினைத்தால் முதலில் லைனரை இரண்டு கிளிப் தளர்த்தி, டார்ச் அடித்துப் பின்னால் பாருங்கள்.

ஓட்டையே இல்லாத இடம் வந்தால்? மூன்று பிடிகளில் ஒன்றுக்காவது சில செட்டுகளில் அப்படி வரும். பிளாஸ்டிக்கில் போடுங்கள், தகட்டில் போடாதீர்கள். லைனர் பிளாஸ்டிக், அதில் ஓட்டை போட்டால் துருவுக்கு வேலையில்லை. மட்கார்டை மற்ற இரண்டு பிடியில் மாட்டிய பிறகு, அதன் ஓட்டை வழியாகவே மார்க்கரால் குறியுங்கள். முதலில் 3 மி.மீ. பிட், பிறகு ஸ்குருவுக்கு ஏற்ற பிட். பிட்டின் முனையிலிருந்து 10 மி.மீ. தள்ளி டேப்பைச் சுற்றிவிட்டால் அதற்கு மேல் உள்ளே போகாமல் கண்ணுக்குத் தெரியும். ஓட்டை லைனர் விளிம்பிலிருந்து 10, 12 மி.மீ. தூரத்துக்குள் இருந்தால் யு கிளிப் நட்டைச் சொருகி அதில் ஸ்குருவைப் பிடிக்கலாம். வெறும் பிளாஸ்டிக்கில் நேராக ஸ்குரு ஏற்றினால் நாளடைவில் ஓட்டை அகன்றுவிடும்.

வேறு வழியே இல்லாமல் தகட்டில் போட்டே தீர வேண்டுமென்றால், போட்டதும் பிசிறை அரத்தால் எடுத்து, இரும்புத்தூளை ஒரு துகள்கூட விடாமல் ஊதித் துடைத்து, துத்தநாகப் பிரைமர், அதன்மேல் டச் அப் பெயிண்ட், அது காய்ந்த பிறகு துருத் தடுப்பு மெழுகு, இந்த வரிசையில் பூசி, அன்றைக்கு வேலையை நிறுத்திவிடுங்கள். பெயிண்ட் ஈரத்தில் ஸ்குரு போட்டால் பூசியதெல்லாம் சுரண்டப்பட்டுவிடும். உள்ளே விழுந்த இரும்புத்தூள் தானே துருப்பிடித்துக் கறை வடியும், அதையும் மறக்க வேண்டாம். புதுக் கார் என்றால் தகட்டில் ஓட்டை போடும் முன் துருவுக்கான வாரண்டியின் நிபந்தனையைப் படித்துவிடுங்கள். சரியான செட் வாங்கினால் இந்தப் பத்தியே உங்களுக்குத் தேவைப்படாது என்பதுதான் என் கருத்து.

இனி டேப். 3எம் விஎச்பி போன்ற அக்ரிலிக் டேப் நல்ல பொருள்தான். ஒட்டிய 20 நிமிடத்தில் பாதிப் பலமும், ஒரு நாளில் ஏறக்குறைய 90 விழுக்காடும், 72 மணி நேரத்தில் முழுப் பலமும் வரும் என்பது அதன் தயாரிப்பாளர் தரும் கணக்கு. சிக்கல் மட்கார்ட் பக்கம் இருக்கிறது. பல செட்டுகள் பாலிபுரொபிலீன் வகைப் பிளாஸ்டிக், அதன் மேற்பரப்பில் எந்தப் பசையும் எளிதில் பிடிக்காது. அதற்கென்று உள்ள பிரைமரைத் தடவி ஒட்டினால்தான் நிற்கும். பிரைமர் போட்டாலும், சக்கரத்துக்குப் பின்னால் கல்லும் தண்ணீரும் காற்றும் ஓயாமல் அடிக்கிற இடத்தில் டேப்பை மட்டும் நம்பக் கூடாது. ஃபெண்டர் விளிம்பில் மேல் மூலை படபடக்காமல் இருக்க ஒரு துண்டு ஒட்டலாம். மூன்று ஸ்குருவுக்குத் துணையாக டேப், ஸ்குருவுக்குப் பதிலாக அல்ல. ஒட்டிய அன்று கழுவ வேண்டாம், ஜெட் பம்ப் அடிக்க வேண்டாம்.

தரையிலிருந்து உயரம் எவ்வளவு இருக்க வேண்டும் என்பதில்தான் கருத்து வேறுபாடு அதிகம். டயர் கல்லைத் தன் சுற்றுப்பாதைக்குத் தொடுகோட்டில் எறியும். தரைக்கு அருகே புறப்படும் கல் தாழ்வாகப் பறக்கும், அதைத் தடுக்க மட்கார்ட் தாழ்வாகத்தான் தொங்க வேண்டும். ஆனால் கோலாலம்பூரில் கொண்டோவின் (அடுக்குமாடியின்) ஏற்றச் சாய்வும் மால் கார் பார்க்குகளில் டயரை நிறுத்தும் சக்கரத் தடுப்பும் அதற்கு இடம் கொடுக்காது. முன்னே 10 முதல் 12 செ.மீ., பின்னே அதைவிடக் கொஞ்சம் கூட என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலான சிறு கார்களுக்கு ஒத்துவரும். அளக்கும்போது வெறும் காரை அளக்காதீர்கள். பின் இருக்கையில் மூன்று பேரை உட்கார வைத்து அளந்து பாருங்கள். தீபாவளிக்கு ஐந்து பேரும் பலகாரப் பெட்டிகளும் பைகளுமாக ஊருக்குப் புறப்படும்போது பின்பக்கம் எவ்வளவு தாழும் என்பது அப்போதுதான் தெரியும். அந்த உயரத்தில் வீட்டு வாசல் ஸ்பீட் பம்பில் இடிக்கிறதா என்று பாருங்கள்.

பின் மட்கார்ட் உடைவதற்கு முதல் காரணம் சக்கரத் தடுப்பு. ரிவர்ஸில் நிறுத்தும்போது டயர் தடுப்பைத் தொடுவதற்கு முன்பே மட்கார்ட் தொட்டுவிடும். கட்டியான ரகமாக இருந்தால் ஸ்குருவோடு லைனரையும் இழுத்துக்கொண்டு வரும். நீங்கள் வழக்கமாக நிறுத்தும் இடத்தில் தடுப்பின் உயரத்தை ஒரு தடவை அளந்துகொண்டு, மட்கார்டின் அடியை அதற்கு மேல் 2 செ.மீ. இருக்கும்படி வெட்டிவிடுங்கள். வெட்டிய மூலைகளை வட்டமாக்க வேண்டும், நேர்மூலையிலிருந்துதான் கிழிசல் தொடங்கும்.

முன் மட்கார்ட் பிய்வது வேறு விதம். சாலையோரத் திட்டில் முன் சக்கரத்தை ஏற்றி நிறுத்திவிட்டு ரிவர்ஸில் இறங்குவார்கள். ரிவர்ஸில் டயரின் பின்பகுதி கீழ்நோக்கிச் சுழல்கிறது. திட்டில் அழுந்தி டயரைத் தொட்ட மட்கார்டை அது அப்படியே பிடித்து அடியில் இழுத்துவிடும். எந்த ஸ்குருவும் இதற்குத் தாங்காது, தாங்கவும் கூடாது. நைலான் கட்டை விட்டுக்கொடுப்பதால்தான் ஃபெண்டர் தகடு வளையாமல் தப்பிக்கிறது. "இனி கழலவே கூடாது" என்று போல்ட், நட், இரும்புப் பட்டை போட்டுப் பலப்படுத்துகிறவர்கள் அடுத்த தடவை ஃபெண்டருக்கே செலவு செய்வார்கள்.

முன்னே சொன்ன தட்டை ரகத்துக்கு வருவோம். மைலோ பெட்டி அட்டையில் முதலில் மாதிரி வெட்டுங்கள். அகலம் டயரின் அகலத்தைவிட 2, 3 செ.மீ. கூடுதல், கனம் 3 முதல் 4 மி.மீ. மாட்டும் மேல் ஓரத்தில் 20 மி.மீ. அகல அலுமினியப் பட்டையை மட்கார்டுக்கு முன்னால் வைத்து, ஸ்குருக்களை அதன் வழியாகப் போட்டால் இழுவை ஓர் ஓட்டையில் சேராமல் முழு அகலத்துக்கும் பரவும். பட்டையின் முனைகளை அரத்தால் மழுக்குங்கள், டயர் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. பழைய கன்வேயர் பெல்ட்டில் வெட்டிப் போடும் பழக்கம் இன்னும் இருக்கிறது. லோரிக்கு அது சரி, சிறு காருக்கு எடை அதிகம், லைனரையே கீழே இழுத்துவிடும்.

மின்சாரக் கார் வைத்திருப்பவர்களுக்கு இரண்டே குறிப்பு: அடிப்பக்கம் முழுக்க பேட்டரி என்பதால் ஜாக் வைக்கும் இடம் கையேட்டில் காட்டியதைவிட ஓர் அங்குலம்கூட மாறக் கூடாது, ஆரஞ்சு நிறக் கேபிள் எங்கே தெரிந்தாலும் அந்தப் பக்கம் டிரில் எடுக்கக் கூடாது.

மாட்டிய ஒரு வாரம் கழித்து ஸ்குருக்களை மறுபடி கையால் சோதியுங்கள், பிளாஸ்டிக் அமர்ந்து சிலது தளர்ந்திருக்கும். சக்கரத்தைக் கழற்றியிருந்தால் 100 கி.மீ. ஓடிய பிறகு நட்டுகளையும் சரிபாருங்கள். அதற்குப் பிறகு, கார் கழுவும்போதெல்லாம் குழாயை மேலிருந்து கீழாக மட்கார்டுக்கும் பெயிண்டுக்கும் இடையே பீச்சினால் மணல் தங்காது. வருடத்துக்கு ஒரு முறை, கடலோரத்தில் இருப்பவர்கள் ஆறு மாதத்துக்கு ஒரு முறை, முழுதாகக் கழற்றித் துடைத்து, ஃபிலிம் தேய்ந்திருந்தால் மாற்றி, மெழுகு பூசி மாட்டுங்கள். டயர் ரொட்டேஷனுக்குச் சக்கரம் எப்படியும் கழலும் நாளில் இதையும் சேர்த்துச் செய்துவிட்டால் தனியாக ஜாக் எடுக்க வேண்டியதில்லை.